கடல் கடந்தது காசன்று, நாணயமே

எமது துறைமுகத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் மூன்று செய்திகளையே விரித்துரைத்தனர். கோணேசர் திருத்தலத்தின் பழம்பெருமை ஒன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என்போர் கோட்டைக்காக மாறிமாறிப் பொருத வரலாறு மற்றொன்று. பெருங்கப்பல்களும் அச்சமின்றி நங்கூரமிடத்தக்க ஆழமும் அரணும் பிறிதொன்று. இம்மூன்றும் நாம் சிறுவயது தொட்டே கேட்டு வளர்ந்தவை. அவற்றை மீண்டும் கூறுவது எமது நோக்கமன்று. கண்ணுக்குப் புலப்படாமலே கடலைக் கடந்து வருவதும் போவதுமாயுள்ள ஒரு பொருளைப் பற்றி இம்மலரிலே சிறிது ஆராய விரும்புகிறோம். அப்பொருள் பணம்.

கப்பல் வருவதைக் காண்கிறோம். கோதுமையும் எண்ணெயும் இறங்குவதைக் காண்கிறோம். அவற்றின் விலையாகிய கோடிகள் எந்தக் கப்பலில் ஏறிப் போயின என்று கேட்டால், கண்டவர் ஒருவருமில்லை. ரொறன்ரோவிலோ டோஹாவிலோ உழைக்கும் தமையன் அனுப்பிய பணத்தைத் தங்கை இங்குள்ள வங்கியிலே எடுக்கிறாள். அவள் கையில் வந்த நோட்டு கடலைக் கண்டதே இல்லை. அது கொழும்பிலிருந்து வந்த நோட்டு. அங்ஙனமாயின் கடலைக் கடந்து வந்தது யாது?

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அரசன் முத்திரை பொறித்த காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத மனிதனின் நேர்மையும் நாணயம். நாடுகளுக்கிடையே பெருந்தொகைப் பணம் சென்ற வரலாற்றை ஆராயுந்தோறும் முதலாவது நாணயம் அருகியே பயணஞ் செய்தது என்பதும், இரண்டாவது நாணயமே என்றும் கடல் கடந்தது என்பதும் தெளிவாகின்றன. இவ்வுண்மையை எமது கரையிலிருந்து நோக்கிக் காட்டுவதே இக்கட்டுரையின் பயன்.

பொருளே கடந்த காலம்

முற்காலத்திற் பொருளே நேராகக் கடலைக் கடந்தது. இராசராச சோழன் 1010 ஆம் ஆண்டளவிற் கட்டி முடித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டொன்று, ஈழமண்டலத்து ஊர்கள் சில அக்கோயிலுக்கு நெல்லும் காசும் விளக்கெரிக்க இலுப்பைப்பாலும் அளக்கவேண்டுமெனக் கூறுகிறது. கொட்டியாரம் என்னும் பெயர் அதில் வருவது கொட்டியாரக் குடாவின் கரையில் வாழும் எமக்குச் சுவை தருவதொன்று. வென்ற நாட்டின் செல்வம் வென்றவன் நாட்டுக் கோயிலுக்குச் சென்றது. நெல் தோணியில் ஏறவேண்டும்; காசு முடிப்பிற் கட்டப்படவேண்டும்; காற்று வாய்க்கவேண்டும்; கள்வர் வாய்க்காதிருக்கவேண்டும்.

ஆயினும் அக்காலத்திலேயே வணிகர் வேறு வழி கண்டிருந்தனர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கூட்டத்தார் தென்னாடெங்கும் ஈழத்திலும் கல்வெட்டுகளை விட்டுச் சென்றனர். எமக்கு வடமேற்கே பதவியாவிலும் வாகல்கடையிலும் அவர்தம் கல்வெட்டுகள் உள. பல நாடுகளிலும் ஒரே கூட்டத்தார் இருந்தமையால், ஓரிடத்து வணிகனின் சொல்லை மற்றோரிடத்து வணிகன் நம்பினான். நம்பிக்கை உள்ள இடத்திற் சுமை குறைகிறது. பின்னாளில் எழுந்த உண்டியலுக்கும் வங்கிக்கும் இதுவே வித்து.

ஒரு பெயரை நம்பிக் கொடுத்த கடன்

மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு அங்கு கிடைத்த சரித்திரச் செய்தி ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மெதடிஸ்த சங்கத்துக் குருமார் ஒரு சிலர் டாக்டர் தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் 1813 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டனர். பயணத்துக்கான பண ஏற்பாடுகளையெல்லாம் கோக் தம் பொறுப்பிலேயே வைத்திருந்தார். 1814 மே 3 ஆம் நாள் நடுக்கடலில் அவர் இறந்துபட்டார். பம்பாயில் வந்திறங்கிய இளங்குருமார் கையிற் பணமில்லை. பணம் பெறும் அதிகாரமுமில்லை. அவ்வூர் வணிகர் ஒருவர் லண்டனிலுள்ள அவர்களுடைய சங்கத்தின் பெயரை நம்பி வேண்டிய தொகையைக் கடனாகக் கொடுத்தார். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அவர்கள் காலியில் வந்து சேர்ந்தனர். பின் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பிரிந்து சென்றனர்.

அவ்வணிகர் லண்டனிலிருந்து ஒரு பவுணையும் கண்ணாற் கண்டாரில்லை. சங்கம் ஒன்றுண்டு, அதற்குக் கணக்குண்டு, அது கடனைத் தீர்க்கும் என்பதையே கண்டார். சங்கம் நடத்தும் இளைஞராகிய நாம் எச்சமயத்தாராயினும் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும். தலைவர் மறைந்தாலும் சங்கத்தின் பெயர் கடன்பெறும் அளவுக்கு நிலைத்திருந்தது. அதுவே அந்நாளில் அவர்களிடமிருந்த முதல்.

செட்டிநாட்டு உண்டியல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கைக்கு வந்து தொழில் நடத்தினர். கொழும்புச் செட்டியார் தெருவும் அங்குள்ள கதிர்வேலாயுத சுவாமி கோயில்களும் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன. அரிசி வணிகம் அவர் கையில் வளர்ந்தது. ஐரோப்பிய வங்கிகள் நேரிற் கடன் கொடாத சுதேசிகளுக்கு அவர்களே கடன் கொடுத்தனர். செட்டிநாட்டிலிருந்த முதலாளி மூன்றாண்டுத் தவணைக்கு ஒரு மேலாளை அனுப்புவார். மேலாள் பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டு, ஊருக்குத் தவறாமற் கடிதம் விடுப்பார். ஏட்டின் தலைப்பிற் பிள்ளையார் சுழி; வரவிலொரு பங்கு கோயில் மகமை.

இவர்கள் நாடுவிட்டு நாடு பணம் அனுப்பிய கருவியே உண்டியல். அதன் தொழிற்பாட்டை எளிய எடுத்துக்காட்டால் விளக்குவோம். கொழும்பிலுள்ள ஒருவர் திருச்சிராப்பள்ளியிலுள்ள ஒருவருக்கு ஆயிரம் ரூபா கொடுக்கவேண்டும். அவர் கொழும்பிலுள்ள செட்டியார் கடையில் ஆயிரம் ரூபாவைக் கட்டுகிறார். கடையார் ஒரு தாளில், இதைக் கொண்டு வருபவருக்கு இன்ன தொகை கொடுக்க எனத் திருச்சியிலுள்ள தம் கடைக்கு எழுதிக் கொடுக்கிறார். கண்டவுடன் பணம் கொடுக்கும் உண்டியலும் உண்டு. குறித்த தவணை கழித்துக் கொடுக்கும் உண்டியலும் உண்டு. தாள் தோணியிற் செல்கிறது, பணம் செல்வதில்லை. அவ்வாறாயின் திருச்சிக் கடையில் ஆயிரம் ரூபா குறையுமே எனலாம். கொழும்புக் கடையார் பொருள் வாங்கித் திருச்சிக்கு ஏற்றுகின்றனர். பொருள் விற்ற பணம் திருச்சியிலே சேருகிறது. அங்கே குறைந்தது இவ்வாறு நிறைகிறது. ஆண்டு முடிவில் இரு கணக்கையும் ஒத்துப் பார்த்து, மிஞ்சிய சிறு தொகையை மட்டும் தீர்த்தாற் போதும்.

இஃது இன்றும் உலக வங்கிகளின் அடிப்படை முறையாகும். ஒரு நாட்டு வங்கி மற்றொரு நாட்டு வங்கியிற் கணக்கு வைத்திருக்கிறது. இங்கே ஒரு பெயரிற் பற்று, அங்கே ஒரு பெயரில் வரவு. 1973 ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரிற் தாபிக்கப்பட்ட ஸ்விப்ற் என்னும் கூட்டுறவு நிறுவனம் உலக வங்கிகளுக்கிடையே கொண்டு செல்வது பணத்தையன்று, செய்தியையே. செட்டியாரின் ஆள் கொண்டு சென்ற தாளை இன்று மின்னோட்டம் கொண்டு செல்கிறது. 1974 ஆம் ஆண்டு தெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஆசியத் தீர்வை ஒன்றியத்தில் இலங்கையும் இந்தியாவும் தொடக்க உறுப்பினர். உறுப்பு நாடுகள் தம்முட் கொடுக்கல் வாங்கலைக் கழித்து, இரு மாதத்துக்கொருமுறை மீதியை மட்டும் தீர்க்கின்றன. உண்டியற் கடைகள் செய்ததை நாடுகள் செய்கின்றன என்பதன்றி வேறில்லை.

முறிந்த வங்கியும் மடிந்த நோட்டும்

நாணயம் கெட்டால் நிகழ்வதென்ன என்பதற்கு இலங்கைச் சரித்திரம் இரண்டு பாடங்களைத் தருகிறது.

கோப்பிப் பயிர் செழித்த காலத்தில் ஓரியன்ரல் வங்கி இந்நாட்டின் முதன்மையான வங்கியாய் விளங்கியது. அதன் நோட்டுகளே கைக்குக் கை மாறின. 1869 ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1884 மே 3 ஆம் நாள் வங்கி கதவடைத்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பென அறிவித்துப் பெருங்கேட்டைத் தடுத்தார். அவ்வாண்டிலேயே 32 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்து, நோட்டு வெளியிடும் பொறுப்பு அரசாங்க ஆணையாளரிடம் வந்தது. இலங்கையில் உழைத்தோரின் சேமிப்பு, தலைமையிடம் லண்டனிலிருந்த ஒரு நிறுவனத்தின் நலத்தோடு கட்டுண்டு கிடந்தது என்பதை நாடு அன்றுதான் உணர்ந்தது.

மற்றொன்று மலாயாச் செய்தி. 1870களிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரசாங்கக் காரியாலயங்களிலும் உத்தியோகம் பார்த்தனர். மாதந்தோறும் அவர்கள் விடுத்த காசுக்கட்டளையால் இங்கே வீடுகள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அவ்வூற்று அடைபட்டது. அங்கே ஜப்பானியர் வாழைமரப் படம் பொறித்த நோட்டுகளை வரம்பின்றி அச்சிட்டனர். 1945 இல் அவர்கள் தோற்றபோது அந்நோட்டுகள் வெறுந்தாளாயின. ஓரியன்ரல் வங்கியின் நோட்டுக்குப் பின்னே நிற்க ஓர் அரசாங்கம் முன்வந்தது. வாழை நோட்டுக்குப் பின்னே நிற்க எவருமில்லை. பெட்டி நிறையச் சேர்த்தவரும் பெட்டியே இல்லாதவரும் ஒன்றாயினர்.

துறைமுகம் உழைத்த ஸ்ரேலிங்

இனி எமது கரைக்கே வருவோம். இரண்டாம் உலக யுத்தத்திலே திருக்கோணமலை பிறித்தானியக் கடற்படையின் பெருந்தளம். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எமது பாட்டன்மார் காலத்தார் அந்நாளை மறந்தாரல்லர். ஆனால் யுத்தம் வேறொரு மாற்றத்தையும் செய்தது. படைகளுக்காகப் பிறித்தானியா இந்நாட்டிலே பெருந்தொகை செலவிட்டது. தொழிலாளிக்குக் கூலி, பொருளுக்கு விலை, கட்டடத்துக்குச் செலவு யாவும் இங்கே ரூபாவிற் கொடுபட்டன. அவற்றுக்கு ஈடாக லண்டனிலே இலங்கையின் பெயரில் ஸ்ரேலிங் வரவு வைக்கப்பட்டது. இங்கே நோட்டுப் பெருகிற்று, கடையிற் பொருள் குறைந்தது, விலை ஏறிற்று. நாட்டின் சேமிப்போ லண்டன் ஏட்டிலே எழுத்தாய்க் கிடந்தது.

யுத்தம் முடிந்தபின் அதனை எடுத்து இயந்திரமும் உணவும் வாங்கலாமெனக் கருதினால், பிறித்தானியா அத்தனையையும் ஒருங்கே கொடுக்கும் நிலையில் இல்லை. இந்தியாவுக்குச் சேரவேண்டியது மட்டுமே 100 கோடி பவுணுக்கு மேற்பட்டது. ஆகவே இவ்வளவுதான் எடுக்கலாம், மிகுதி பின்னர் என ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. அதன்மேல் 1949 செப்ரெம்பர் 18 ஆம் நாள் பிறித்தானியா பவுணின் பெறுமதியை 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராகக் குறைத்தது. ஓரிரவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு டொலர் மதிப்புப் போயிற்று. இலங்கை ரூபாவும் உடன் இறங்கிற்று. திருடனும் வரவில்லை, கப்பலும் கவிழவில்லை. பிறர் ஏட்டில் எமது பொருள் இருந்தமையால், பிறர் முடிவால் அது சுருங்கியது.

இந்நிலையில்தான் நாட்டின் பணத்தை நாடே ஆளவேண்டுமென்னும் எண்ணம் வலுத்தது. 1950 ஓகஸ்ட் 28 ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி தொழிற்படத் தொடங்கிற்று; அதன் முதல் ஆளுநர் அமெரிக்கராகிய ஜோன் எக்ஸ்ரர். 1953 இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1952 இறுதியிற் சீனத்தோடு செய்த றப்பர், அரிசி ஒப்பந்தம் டொலர் தேடி அலையாமலே அரிசி பெற வழி செய்தது. பணத்தை அனுப்புவதற்குப் பதிலாகப் பொருளுக்குப் பொருள் கணக்கு வைப்பதும் நாடுகள் கண்ட ஒரு வழியே. 2021 டிசெம்பரில் ஈரானுக்குக் கொடுக்கவேண்டிய 25.1 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாக மாதந்தோறும் தீர்க்க இலங்கை உடன்பட்டமை அதன் பிற்காலப் பிரதி.

1957 ஒக்ரோபர் 15 ஆம் நாள் திருக்கோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடி இறங்கிய காட்சியைப் பலர் எழுதினர். கணக்கு முடிந்த காட்சியை எழுதியோர் சிலரே. தளங்களிலிருந்த நிலையான சொத்துகளுக்காக இலங்கை 2 கோடியே 20 இலட்சம் ரூபாவை ஐந்தாண்டுக் காலத்திற் பிறித்தானியாவுக்குக் கொடுக்க உடன்பட்டது. ஒரு ரூபா ஒன்றரைச் சிலிங்காய் இருந்த அந்நாளில் அது 16 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். இத்தகைய தொகையைக் கொண்டு செல்லப் பொற்பெட்டிகள் கப்பலேறுவதில்லை. அந்நாளில் இலங்கையின் வெளிநாட்டுச் சேமிப்பிற் பெரும்பங்கு லண்டனிலேயே இருந்தது. லண்டன் ஏட்டிலே ஒரு பெயரிற் குறைத்து மறுபெயரிற் கூட்டுவதே இவ்வகைக் கொடுப்பனவு. எமது மண்ணிற் கட்டப்பட்டவற்றை எமது நாடு விலை கொடுத்து வாங்கியது என்பது கசப்பும் பெருமையும் கலந்த செய்தி. கொடுத்தபின் அவை எமதாயின என்பதே நிலைத்தது.

மீண்டும் வந்த உண்டியல்

1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கும், 1983 இன் பின் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரான்சு முதலிய நாடுகளுக்கும் எம்மவர் சென்றனர். மலாயாக் காசுக்கட்டளையின் இடத்தை அவர்கள் அனுப்பிய பணம் பிடித்தது. போர்க்காலத்திலே வங்கிக்குச் செல்ல வழியில்லாதிருந்த வீடுகளுக்குப் பணம் கொண்டு வந்தது பெரும்பாலும் உண்டியலே. ஒரு தொலைபேசி அழைப்பு. ஓர் இரகசிய எண். மறுநாள் வீட்டுவாசலிற் காசு. அப்பணத்தால் உயிர் தரித்த குடும்பங்கள் எமது மாவட்டத்திலும் உள. ஆகவே உண்டியல் என்றதும் குற்றம் என்று மட்டும் கூறுவது பெரியோர் பட்ட பாட்டை அறியாதார் பேச்சாகும்.

ஆயினும் செட்டியார் உண்டியலுக்கும் இக்கால உண்டியலுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறியவேண்டும். செட்டியார் உண்டியலின் பின்னே ஏடு இருந்தது, கேட்டவர் பார்க்கலாம். இக்கால உண்டியலின் பின்னே ஏடு மறைந்தே கிடக்கிறது. யார் பணம், எதற்காக வந்தது என எவரும் அறியார். உழைப்பாளியின் வியர்வையும் போதைப்பொருள் விற்றவனின் ஆதாயமும் ஒரே வாய்க்காலில் ஓடுகின்றன. இலங்கையில் அனுமதி பெற்றோரன்றிப் பிறர் இத்தொழில் நடத்துதல் சட்டத்துக்கு மாறு. 2006 இல் வந்த நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடற் சட்டமும் 2017 இன் அந்நியச் செலாவணிச் சட்டமும் இத்துறையை ஒழுங்கு செய்கின்றன.

மற்றொரு வேறுபாடு நாட்டையே பாதிப்பது. ரொறன்ரோவில் ஒருவர் ஆயிரம் டொலரை உண்டியற்காரரிடம் கொடுக்கிறார். இங்குள்ள கூட்டாளி ரூபாவைக் கொடுத்துவிடுகிறார். அந்த ஆயிரம் டொலர் அங்கேயே நின்று, வேறொருவர் வெளிநாட்டிற் பொருள் வாங்கவோ இங்கிருந்து செல்வத்தை மறைத்து வைக்கவோ பயன்படுகிறது. வீட்டுக்குப் பணம் வந்தது. நாட்டுக்கு டொலர் வரவில்லை.

2021 ஆம் ஆண்டிலே ஒரு டொலருக்கு 200 ரூபா அளவிலேயே உத்தியோக விலை கட்டி வைக்கப்பட்டிருந்தது. உண்டியற்காரர் அதற்கு மேற்பட்ட விலை கொடுத்தனர். மக்கள் எங்கே செல்வர்? 2020 இல் 710 கோடி டொலராய் இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம், 2021 இல் ஏறத்தாழ 549 கோடியாகவும் 2022 இல் 379 கோடியாகவும் விழுந்தது. மக்கள் மீது மட்டும் பழி சுமத்தல் நேர்மையன்று. பொய்யான விலையைக் கட்டிக்காத்த ஆட்சியாளர், தம் நாணயத்தின் மேலுள்ள நம்பிக்கையைத் தாமே குறைத்தனர். 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடன்களைத் தீர்ப்பதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

அக்காலத்து வரிசைகளை இதனை வாசிப்போர் மறந்திருக்கமாட்டார்கள். மீனவருக்கு மண்ணெண்ணெய் இல்லை, வைத்தியசாலையில் மருந்தில்லை. சீனக்குடாவிலோ பிறித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 காட்டினிடையே வரிசை வரிசையாய் நின்றன. கொள்கலம் இருந்தது, துறைமுகம் இருந்தது, கப்பலும் வரத் தயாராயிருந்தது. எண்ணெய்க்கு விலையாக அனுப்ப டொலர் மட்டும் இல்லை. இந்தியா எரிபொருளுக்குக் கடன் வசதி கொடுத்ததும், ஆசியத் தீர்வை ஒன்றியத்தின் வழியாகத் தனக்கு வரவேண்டிய கொடுப்பனவைப் பின்போட்டதும் அவ்வேளையிற் கைகொடுத்தன. பின்னர் விலை உண்மைக்கு அணுகி வந்ததும் பணமும் வங்கி வழிக்குத் திரும்பிற்று. 2023 இல் 597 கோடி டொலர். 2024 இல் 658 கோடி டொலர். சட்டம் அச்சுறுத்தியதைக் காட்டிலும் நேர்மையான விலையே பணத்தை மீட்டது என்பது எமது துணிபு.

ஓர் எழுத்துப்பிழை

ஏட்டு முறையே குற்றமற்றது என்று நாம் மயங்கலாகாது. 2016 பெப்ரவரியிலே நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கியில் வங்காளதேசத்துக்கிருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை எடுக்கக் கணினிக் கள்வர் பொய்யான கட்டளைகளை அனுப்பினர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது; அதிற் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஒரு தாபனத்தின் பெயருக்கு வந்தது. அத்தாபனத்தின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தமையால் இடையிலிருந்த வங்கியில் ஐயம் எழுந்தது; பணம் திரும்பிச் சென்றது.

கோட்டையும் பீரங்கியும் காவாத செல்வத்தை, எழுத்தைக் கவனித்துப் படித்த ஓர் அலுவலரின் கண் காத்தது. பழைய கணக்கப்பிள்ளைமார் ஏட்டை மும்முறை ஒத்துப் பார்த்தது வீண் வேலையன்று என்பதை இளைஞர் உணர்வாராக.

எமது கடன்

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் மூன்று.

முதலாவது, பிறர் ஏட்டிற் கிடக்கும் எமது செல்வம் முழுதும் எமதன்று. 1949 இல் லண்டனிலிருந்த ஸ்ரேலிங்குக்கு நேர்ந்தது அதுவே. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை நம்பியே வாழும் குடும்பமும் ஊரும் அதே நிலையில் உள்ளன. வரும் பணத்தில் ஒரு பங்கேனும் இங்குள்ள நிலத்திலும் கடலிலும் கல்வியிலும் வேரூன்றாவிடின், ஊற்று அடைபடும் நாளில் மலாயாக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை நாமும் படுவோம்.

இரண்டாவது, ஏழை அனுப்பும் பணத்துக்குக் கூலி மிகுதி. 200 டொலர் அனுப்பக் கொடுக்கும் கட்டணம் உலகச் சராசரியில் 6 வீதத்துக்கு மேற்பட்டது. 2030 ஆம் ஆண்டளவில் அதனை 3 வீதத்துக்குக் கீழ் இறக்கவேண்டுமென ஐக்கிய நாடுகள் குறித்துள்ளன. வங்கி வழி மலிவும் விரைவும் மரியாதையும் உடையதாயின் எவரும் ஒளிவழியை நாடார். உண்டியலை ஒழிக்க விரும்புவோர் முதலில் வங்கிக் கதவை அகலத் திறக்கட்டும்.

மூன்றாவது, எம் போன்ற சங்கங்களுக்குரியது. கோயிற் திருப்பணிக்கும் மாணவர் உதவிக்கும் கடல் கடந்த அன்பர்கள் பொருள் அனுப்புகின்றனர். அனுப்புவோர் எமது முகத்தைக் காண்பதில்லை. எமது கணக்கையே காண்கின்றனர். வந்த ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு, செலவான ஒவ்வொரு சதத்துக்கும் சான்று, ஆண்டுதோறும் யாவரும் பார்க்கத்தக்க வரவு செலவு அறிக்கை என்னும் மூன்றும் இருந்தால், ரொறன்ரோவிலுள்ளவர் கொடுத்த தொகை ஒரு விரற்கடை கடலையும் கடவாமலே இங்கு பயன் தரும். இவை இல்லையாயின் கப்பல் நிறையப் பொன் வந்தாலும் நிலைக்காது.

மன்னர் காசுகள் நூதனசாலையிற் கிடக்கின்றன. ஓரியன்ரல் வங்கி நோட்டும் வாழை நோட்டும் பழம்பொருள் சேர்ப்போர் கையிற் கிடக்கின்றன. சொன்ன சொல்லை ஏட்டில் எழுதி, எழுதியதை நிறைவேற்றியோரின் நாணயம் மட்டும் இன்றும் செலாவணியில் உள்ளது. துறைமுகத்தின் ஆழம் இயற்கை எமக்கு அளித்தது. நாணயத்தின் ஆழத்தை நாமே தோண்டவேண்டும். பெரியோர் வழிகாட்ட, இளைஞர் கைகொடுக்க, அப்பணி எமது மன்றத்தின் கணக்கேட்டிலிருந்தே தொடங்குக.